ஒரு நாளைக்கு ஆறு நிமிடம்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் அவளுடைய தையல் மெஷினும் நலம். லிஃப்ட் மட்டும் வழக்கம்போல் படுத்த படுக்கை. அங்கே உன் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரிக்க இன்னும் எத்தனை நாளாம்? கட்டுக்குள் அரித்தால் குச்சி விட்டுச் சொறியாதே; புண்ணாகிவிடும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். போனில் இரண்டு வார்த்தையில் முடிகிறதை எதற்கு இந்த மனுஷர் தாள் தாளாக எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போன் உன் அக்கா கையில் இருக்கிறது. அது என் கைக்கு எப்போது வந்தது? தவிர, நடந்ததில் அவள் தரப்பை நீ மணிக்கணக்கில் கேட்டிருப்பாய். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மறுபக்கம் இதோ வருகிறது. இது பாதி விளக்கம், பாதி மன்னிப்பு.

எங்களுக்குக் கல்யாணமான வருடம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உனக்கு ஒன்பது வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக்கொண்டு வந்து நின்றாய். "அத்தான், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. ஆனாலும் பாட்டு உள்ள வருதே. அப்ப சுவத்துக்குள்ள புகுந்துதானே வருது? நடுவுல நான் நின்னா எனக்குள்ளயும் புகுந்துதானே போகும்? வலிக்காதா?" முப்பத்து நாலு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தும் அதைவிட நல்ல கேள்வியை ஒரு மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. அன்று டார்ச் விளக்கை எரியவிட்டு உன் உள்ளங்கையை அதன் மேல் பொத்தச் சொன்னேன். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. "வெளிச்சம் உனக்குள்ள புகுந்து வருது பாத்தியா? வலிக்குதா?" "இல்ல." "பாட்டும் அப்படித்தான். வலிக்கிற அளவுக்கு வந்தா முதல்ல நானே உனக்குச் சொல்றேன், மாப்பிள்ளே." நீ நம்பினாய். நம்பியதோடு நிற்காமல் வளர்ந்து பெரியவனாகி அலைக் கோபுரங்களில் ஏறி இறங்குகிறதையே பிழைப்பாக்கிக்கொண்டாய். அந்த வாக்கை நான் மூன்று மாதத்துக்கு முன் மீறினேன். வலிக்காத இடத்தில் வலிக்கும் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை, உன் அக்காவிடம் சொன்னேன். அது இன்னும் மோசம்.

ஏன் சொன்னேன் என்றால், பொறாமை. அதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு ஆறேழு வாரம் பிடித்தது. அதுவரை அதற்கு நான் வைத்திருந்த பெயர் அக்கறை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே மனதில் ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தேன். காலையில் பேப்பர், பிறகு நடை, மதியம் சின்னத் தூக்கம், மூன்று மணிக்கு இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பேச்சு. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்துகிற மும்முரத்தில் அவளோடு பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்ப்பது என்று. பாடவேளை வந்தது, மாணவி வரவில்லை. மூன்று மணி என்பது உன் மணி. நீ விடியுமுன் கோபுரம் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கி, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, அக்காவைக் கூப்பிடுகிற நேரம். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யார் வீட்டுக்கோ திரைச்சீலை தைத்தபடி பேசுவாள். நாலேமுக்கால் வரை. எனக்குக் கேட்பது ஒரு பக்கம் மட்டும். "ம்... ம்... அப்புறம்?... அடப்பாவி!... அவ என்ன சொன்னா?... ஐயோ, போதும்டா, வயிறு வலிக்குது." கேள்வித்தாளைக் காட்டாமல் விடைத்தாளை மட்டும் திருத்தக் கொடுத்தால் ஒரு வாத்தியாருக்கு எப்படி இருக்கும்? முடிந்ததும், "என்னவாம்?" என்பேன். "ஒண்ணுமில்ல, சும்மா." ஒன்றேமுக்கால் மணி நேரச் சும்மா! அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற சிரிப்பு, அதை நான் ஒரு நாளும் சம்பாதித்ததில்லை. நான் சொல்கிற வேடிக்கைக்கு அவள் சிரிப்பது, முப்பத்திரண்டு எடுத்தவனைத் தேற்றிவிட மூன்று மதிப்பெண் கருணையாகப் போடுவோமே, அந்த மாதிரி.

ஒரு நாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய போன் வந்த அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. உள்ளே மடித்து வைத்த சின்னத் தாள். போனிலிருந்து தலைக்கு எவ்வளவு அலை போகலாம், அதை எப்படி அளக்கிறார்கள் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அதில் "ஆறு நிமிடச் சராசரி" என்று ஒரு வரி. அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அர்த்தம் தெரிந்தவன் செய்கிற தப்புக்குத்தான் தண்டனை அதிகம்.

"இதப் பாத்தியா? ஆறு நிமிஷம்னு போட்டிருக்கான்" என்றேன்.

"என்ன ஆறு நிமிஷம்?"

"போன காதுல வெச்சுக்கறது. அதுக்கு மேல போனா ஆபத்து."

மெஷினை நிறுத்தினாள். "நெஜமாவா? யார் சொன்னா?"

"உலகத்து விஞ்ஞானிங்க எல்லாம் கூடி உக்காந்து சொல்லியிருக்காங்க."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மாப்பிள்ளை, அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன் முள்போல் நின்றது. ஆனால் மணி மூன்றாகிவிட்டது, உன் போன் அடித்துவிட்டது, முள்ளை விழுங்கிவிட்டேன்.

ஓய்வு பெறும்போது ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்தரை நிமிடத்தில் ஒரு விரல், ஆறில் கை. "சரிடா, உங்க அத்தான் மணி அடிச்சுட்டார்" என்று வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் பள்ளி விட்ட மாதிரி ஒரு சந்தோஷம். அது கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. "எவ்வளவு நேரம் விட்டு மறுபடி பேசலாம்?" என்று கேட்டாள். எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, "கால் மணி" என்றேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆறு நிமிடம் பேச்சு, கால் மணி ஓய்வு, மறுபடி ஆறு நிமிடம். நீங்கள் பேசுகிற நூற்றைந்து நிமிடத்தை ஆறு ஆறாக வெட்டி நடுவில் கால் கால் மணியாகச் செருகிப் பார்; மூன்று மணிக்குத் தொடங்கி நாலேமுக்காலுக்கு முடிந்த பேச்சு இரவு ஒன்பதுக்கு முடிந்தது. ஓய்வு நேரத்திலாவது என்னோடு பேசுவாள் என்று பார்த்தால், "இருங்க, அவன் எதுல விட்டான்னு மறந்துடும்" என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நான் ஸ்டாப்வாட்ச்சோடு ஆறு மணி நேரம் காவல் இருந்தேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு கதையை ஏழாம் வகுப்புக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

மறுநாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒரு காதுல ஆறு ஆனதும் அடுத்த காதுக்கு மாத்திக்கலாமா? ரெண்டு காதுக்கும் தனித்தனிக் கணக்கா, கூட்டா?" வகுப்பில் இப்படிக் கேட்கிற பிள்ளையை முன் பெஞ்சுக்கு மாற்றியிருப்பேன். "கூட்டு" என்றேன். சொன்னதோடு சட்டத்தையும் திருத்தினேன்: "தாள நல்லாப் படிச்சேன். ஒரு நாளைக்கே மொத்தம் ஆறு நிமிஷம்தானாம்." அவள் முகம் வாடியது. வாதாடவில்லை. நாள்காட்டியில் ஆறு என்று எழுதி வட்டம் போட்டாள்.

பொய்யை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியுமா? ஐந்தாவது மாடியில் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் இருக்கிறார், உனக்கு அவரைத் தெரியாது. என்னோடு ஒரே வருடம் ஓய்வு பெற்றவர். கை இரண்டும் இன்னும் தேக்குக் கட்டை. நான் லீவு போட்ட நாட்களில் என் வகுப்பை அவருக்குத்தான் கொடுப்பார்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தால், "சார், இன்னைக்கும் லீவு போடுங்க சார்" என்பார்கள். அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் வீட்டுக்குத் திரைச்சீலை கொடுக்கப் போனபோது உன் அக்கா இந்த ஆறு நிமிடத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "ஆறு ரொம்ப அதிகம், தங்கச்சி. நாலோட நிறுத்திக்கங்க" என்றாராம். தங்கச்சி! ஒரு மைத்துனரையே தாங்க முடியாதவனுக்கு மேல்மாடியில் இன்னொருவர் முளைத்தார்.

அதோடு விட்டாரா? தங்க நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார். போன் முதுகில் ஒட்டினால் அலையை உறிஞ்சிவிடுமாம். அதற்கும் மேலே, காலை ஆறரைக்கு மொட்டைமாடியில் "அலை உதறல்" என்று ஒரு பயிற்சி. கையை முன்னால் நீட்டி உதறினால் உடம்பில் தேங்கிய அலையெல்லாம் விரல்நுனி வழியாகக் கொட்டிவிடுமாம். பத்துப் பேர், பதினைந்து பேர், இருபத்திரண்டு பேர் என்று கூட்டம் ஏறியது. விசில் ஊதினால் உதறுவார்கள், மறுபடி ஊதினால் நிறுத்துவார்கள். உன் அக்கா இரண்டாவது வரிசையில் இடது ஓரம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தினமும் பார்த்தேன். யாராவது கண்டுவிட்டால் குழாயைத் திருகிப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்வேன். பயிற்சி முடிந்து கீழே வந்து அவள் சொன்னாள்: "எவ்வளவு தெளிவா சொல்றார் தெரியுமா, சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்." தெளிவாம்! அந்தச் சொல்லுக்காக நான் முப்பத்து நாலு வருடம் சாக்பீஸ் தூள் தின்றிருக்கிறேன்.

ஒரு நாள் படிக்கட்டில் அவரை மடக்கினேன். "என்ன சார் இது, அலையாவது உதறலாவது! யார் சொன்னது உங்களுக்கு?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"ஆறு நிமிஷம்னு தங்கச்சிகிட்ட நீங்கதானே சொன்னீங்க? சயின்ஸ் சார் சொன்னா அது தப்பா இருக்குமா? ஸ்டிக்கர் கடைக்காரன்கிட்டயே உங்க பேரச் சொல்லித்தான் வாங்கினேன். எனக்கு ஏது சார் அறிவியல்? நான் பயிற்சி மட்டும்தான் சேத்தேன்."

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. எதிரி அயோக்கியனாக இருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம்! இவரைத் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைத் தப்பு என்று சொல்ல வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன்.

எங்கள் மொட்டைமாடியில் போன் கம்பெனியின் ஆன்டெனா ஒன்று இருந்தது. அதன் ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம். உதறல் கோஷ்டி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, வேண்டவே வேண்டாம் என்றது. சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டு முறை பார்க்கிற மனிதர். "படிச்சவர் ஒருத்தர் முதல் கையெழுத்துப் போட்டா நல்லது" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார். அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். உன் அக்கா என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவள் எனக்குக் கொடுத்து எத்தனை நாளாயிற்று! கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆன்டெனாவைக் கழற்றினார்கள். அதோடு எங்கள் கட்டடத்தில் சிக்னலும் கழன்றது. வீட்டில் போன் வெறும் டப்பா. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டைமாடியின் கிழக்கு மூலை, டிரில் மாஸ்டர் வீட்டுப் படிக்கட்டுக்கு எதிரே. உன் அக்கா மூன்று மணிக்கு அங்கே ஏறிப் போனாள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் கொடுத்தார். கீழே எதிரே உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பார்த்துக்கொண்டிருந்த நான், இப்போது ஐந்து மாடிக்குக் கீழே தனியாக. அவள் திரும்பி வந்து சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதான். இப்பல்லாம் ஆறு நிமிஷத்துலயே போன் சூடாகிடுது."

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாக உறைத்தது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் வாத்தியார் வாய். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் நாம் மெல்லப் பேசுவோம். மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனிடம் கத்துவோம். போனும் அப்படித்தான். ஆன்டெனா பக்கத்தில் இருந்தவரை அது முணுமுணுத்தது; எடுத்துவிட்டதும் தூரத்துக் கோபுரத்துக்குக் காது கேட்க அலறுகிறது. ஸ்டிக்கர் வாயைப் பொத்தினால் இன்னும் அலறும். வரம்பைத் தாண்டாது, ஆபத்துமில்லை. ஆனால் அலையிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவள் தலைக்கு முன்னைவிட அதிக அலையை வாங்கிக் கொடுத்தவன் நான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி.

அந்த நாளைக்குள்தான் நீ விழுந்தாய். நாற்பது மீட்டர் ஏறி இறங்குகிறவன், அன்றைக்கு அவசர வேலையாகச் சாயங்காலம் ஏறி, கடைசி இரண்டாவது படியில் வழுக்கி.

மறுநாள் காலை ஆறரை. விசில் ஊதி எல்லோரும் கையை நீட்டிய நேரத்தில் ராத்திரி பூராவும் வீட்டில் சிக்னல் இல்லாமல் கிடந்து, இப்போது உன் அக்கா இடுப்பில் செருகியிருந்த போன் துடிக்க ஆரம்பித்தது. தொட்டிக்குப் பின்னால் எனக்கே கேட்டது. எடுத்துப் பார்த்தாள். "தம்பி பதினொரு தடவை கூப்பிட்டிருக்கான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். டிரில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவள் உன்னைக் கூப்பிட்டாள். கால் எலும்பு முறிந்தது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, ராத்திரி பூராவும் வலி, எல்லாம் நீ சொல்லச் சொல்ல அவள் அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மறைவை விட்டு வெளியே வந்தேன். நான் அங்கே எப்படி முளைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. உன் அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, பயந்தபடி என்னிடம் கேட்டாள்:

"ஆறு நிமிஷம் ஆயிடுச்சாங்க?"

அடிபட்ட தம்பியோடு பேச என்னிடம் அனுமதி கேட்கிறாள், மாப்பிள்ளை. ஸ்டாப்வாட்ச் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அது ஓடவில்லை, ஆனால் நெஞ்சில் அடிக்கிற மாதிரி இருந்தது. "பேசு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு. அந்த ஆறு நிமிஷம் பொய்" என்றேன்.

அன்று அவள் உன்னோடு ஐம்பது நிமிடம் பேசினாள். அதுவரை அந்த இருபத்திரண்டு பேரும் நகரவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு சாக்பீஸ் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் எழுதினேன். நாடி பார்க்கிற டாக்டர் ஒரு நிமிடம் எண்ணுகிறார். அதற்காக நம் இதயம் ஒரு நிமிடம்தான் துடிக்க வேண்டும் என்று அர்த்தமா? எண்ணுவதற்கு ஒரு நிமிடம், அவ்வளவுதான். அதே மாதிரி அலையை அளக்கிறவர்கள் ஆறு நிமிடத்துக்குச் சராசரி எடுக்கிறார்கள். அது அளவுகோல், பேசுகிற நேரத்துக்குப் போட்ட வேலி இல்லை. பிறகு பாலம் வரைந்தேன். ஐம்பது லாரி ஏறினால் ஆட்டம் காண்கிற பாலத்தில், ஒரு லாரிக்கு மேல் போகாதே என்று பலகை வைத்தால் எப்படியோ, அப்படித்தான் உடம்பு முழுவதற்குமான வரம்பு. அலையின் சூடு எந்த அளவில் தொந்தரவு தரத் தொடங்குமோ அதை ஐம்பதால் வகுத்து நமக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். கோபுரம் ஏறுகிற என் மைத்துனர் போன்றவர்களுக்குப் பத்தால் வகுத்து. உன்னைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. சளி என்று சொன்னேன்.

டிரில் மாஸ்டர் கை தூக்கினார். "அப்ப என் ஸ்டிக்கர் சார்?"

"அது போன இன்னும் கத்த வைக்கும் சார்."

"உதறல்?"

"தோளுக்கு நல்லது. அலைக்குச் சம்பந்தமில்ல."

"அப்ப நாளைக்கும் வரலாம்" என்றார் நிம்மதியாக. கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் விடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "எல்லாம் தெரிஞ்ச நீங்க எதுக்கு சார் ஆறு நிமிஷம்னு சொன்னீங்க?" என்றார். தலைமையாசிரியர் அறையில்கூட நான் அப்படி நின்றதில்லை. "மிச்ச நேரம் என்கூடப் பேசுவான்னு" என்றேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூன்றாவது மாடி அம்மாள் ஒருத்தி, "அடப் பாவமே" என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை. விசில் ஊதித்தான் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா நேராக மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு தைத்துக்கொண்டே சொன்னாள்: "முதல் நாளே தம்பிகிட்டக் கேட்டேன், அத்தான் இப்படிச் சொல்றாரேன்னு. 'அத்தான் சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்'னான்." எனக்குத் தலை நிமிரவில்லை. அலைக்கு நடுவிலேயே தொங்கி வேலை பார்க்கிறவன் நீ. என் பொய் உனக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். ஒன்பது வயதில் நான் உனக்குக் காட்டிய டார்ச் வெளிச்சத்துக்காக, அக்காவோடு பேசுகிற பேச்சை விட்டுக்கொடுத்திருக்கிறாய். இப்படிப்பட்ட ஆள் மேல் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது, சொல்!

"முப்பத்தாறு வருஷத்துல நீங்க சொன்னது எதையும் நான் சரிபார்த்ததில்ல. இனிமே பார்ப்பேன்" என்றாள். அதுதான் தண்டனை என்று நினைத்தேன். இல்லை. கையை நீட்டி ஸ்டாப்வாட்ச்சை வாங்கிக்கொண்டாள். "இனி உங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம்." ஒரு வாரம் அப்படியே நடத்தினாள். ஐந்தரையில் ஒரு விரல், ஆறில் கை.

ஆன்டெனாவைத் திரும்ப வைக்கச் சொல்லி நானே மனு எழுதினேன். முதல் கையெழுத்து டிரில் மாஸ்டர். வந்து மாட்டிவிட்டார்கள். மாட்டிய அன்றைக்கு மூன்று மணிக்கு உன் அக்கா போனைத் தோளில் இடுக்கவில்லை. தையல் மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். "காதுல ஒட்டாம ஒரு கை தள்ளி வெச்சாலே தலைக்குப் போறது ரொம்பக் குறையும்னு உங்க தாள்லயே போட்டிருக்கு. சரிபார்த்தேன். நீங்களும் கேக்கலாம், உக்காருங்க" என்றாள். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் விடை அந்தத் தாளிலேயே அடுத்த வரியில் இருந்திருக்கிறது. கேள்வியை முழுவதும் படித்துவிட்டு விடை எழுது என்று பிள்ளைகளை எத்தனை அதட்டியிருப்பேன்!

ஆகையால் மாப்பிள்ளை, என்னை மன்னித்துவிடு. அந்தப் பதினொரு அழைப்புக்கும் சேர்த்து. என் மனதில் இப்போது துளிப் பொறாமை இல்லை, கழுவிவிட்ட கரும்பலகை மாதிரி இருக்கிறது. நீயும் அக்காவும் ஒன்றேமுக்கால் மணி என்ன, ஒரு நாள் பூராவும் பேசுங்கள். ஸ்டாப்வாட்ச்சைப் பழைய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். உன் கால் இரும்பாகக் கூட வேண்டும், நீ மறுபடி உயரங்களில் ஏற வேண்டும், கடைசி இரண்டு படியைப் பார்த்து இறங்க வேண்டும். உன் மக்களுக்கு என் ஆசிகள். கேள்வி கேட்டால் அதட்டாதே, டார்ச்சை எடு.

இப்படிக்கு,
நேரம் பார்ப்பதை விட்டுவிட்ட
உன் அத்தான்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஐந்து நாள் வைத்திருந்தேன். ஐந்து நாளும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்டேன். ஸ்டாப்வாட்ச்சைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் எட்டேமுக்கால் மணி நேரம். உன் கட்டுக்குள் அரிப்பது முப்பத்தெட்டு நிமிடம். உன் பக்கத்து வீட்டுப் பூனை ஒரு மணி இருபது நிமிடம். டிரில் மாஸ்டர் உனக்குச் சொல்லி அனுப்பிய கால் பயிற்சி, அதுவும் அவரே லைனில் வந்து, ஐம்பத்தொரு நிமிடம். என் பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. "அத்தான் பக்கத்துலயா இருக்கார்?" என்றாய். "ஆமா, இங்கதான்" என்றாள். "சரி, அப்புறம்?" என்று பூனைக்குப் போய்விட்டீர்கள். நான் இரண்டு முறை கனைத்தேன். "தண்ணி குடிங்க" என்றாள். கரும்பலகையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அந்தப் பத்தியை அடித்துவிடு. மன்னிப்பை மட்டும் வைத்துக்கொள். நாளை மூன்று மணிக்கு அக்காவைக் கூப்பிடும்போது, உன் போனையும் ஒரு கை தள்ளி மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எடுத்த எடுப்பில் "அத்தான், நீங்க சொல்லுங்க" என்று ஒரு தடவை கேட்டுப் பார்.